உங்களைக் கவனித்துக் கொள்வோம்

அதேதாங்க, அந்த போஸ்டரேதான். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்துல சின்ன மொதலாளி கையக் கட்டிக்கிட்டு மொறைக்கற மாதிரி போட்டோ, அதுக்குக் கீழ கொட்டை எழுத்துல 'இனி உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்துக் கொள்வோம். இப்படிக்கு, நிர்வாகம்'. அவரு மொறைக்கலைங்க, போட்டோ எடுக்கறப்ப வெயில் கண்ணுல அடிச்சுது, அவ்வளவுதான். ஆனா அது ஆளுகளுக்கு எப்படிங்க தெரியும்?

காலைல ஷிப்டுக்கு வந்தவங்க படிச்சாங்க. படிச்சுப்போட்டு கேன்டீன் பக்கம் போய் மெதுவா பேசிக்கிட்டாங்க. காஸ்டிங் செக்‌ஷன்ல பாதிப் பேரு "ஊட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்துட்டாங்க"ன்னு போன் பண்ணிப்போட்டு வரவே இல்ல. வந்தவங்களும் வண்டிய ஸ்டேண்டுக்குள்ள தள்ளாம, கேட்டப் பாத்த மாதிரி திருப்பி நிறுத்துனாங்க. ஒருத்தர் எச்.ஆர். ரூமுக்கு வந்து என்கிட்ட, "அம்மணி, தனித்தனியான்னு போட்டிருக்குதே, மொதல்ல யாருங்க?"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

நம்ம பக்கத்துல ஒருத்தர் "உன்னையக் கவனிச்சுக்கறேன்"னு சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லோணுங்களா.

இதையெல்லாம் எழுதுனது கோபாலசாமி சார், மொதலாளிகளுக்குத் தலைமைப் பயிற்சி குடுக்கறவரு. கோச்சு. பொறந்தது இங்கதான், ஆனா பெங்களூருக்குப் போய் இங்கிலீஷ்லயே ரொம்ப வருஷம் அக்கறையா இருந்துட்டாரு, அதனால தமிழ்ல அக்கறை எப்படின்னு மறந்துபோச்சு. எங்க சின்ன மொதலாளி அபிலாஷ் சார் அவரப் புடிச்சது வால்பாறைல. ஏதோ எஸ்டேட் பங்களாவுல தலைமைப் பண்பு முகாமு. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போனவரு எறங்கி வாரப்ப வேற ஆளா எறங்குனாரு. மனசு தொறந்துக்கிச்சுன்னு கோச்சு சொல்றாரு. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாருன்னு டிரைவர் சொல்றாரு. ரெண்டும் உண்மையா இருக்கலாமுங்க.

எங்க கம்பெனி உங்களுக்குத் தெரியுமல்ல, ஈச்சனாரி தாண்டி, மோட்டார் பம்பு. பெரியவரு வெங்கடபதி அய்யா ஆரம்பிச்சது. அவரு இப்ப ஊட்டுல டிவி பாக்கறாரு. இங்க அபிலாஷ் சார் 'கனிவான தலைமையின் எட்டுப் பழக்கங்கள்'னு ஒரு போர்டு மாட்டிட்டாரு. ஏழு எழுதியாச்சு, எட்டாவது கட்டம் காலி. அது தொழிலாளிக மனசுல இருந்து தானா பூக்கோணும்னு கோச்சு சொல்லிட்டாரு. பூத்தா எழுதி வெக்க வேண்டியது நான்.

மொதப் பழக்கம், தொறந்த கதவு. அபிலாஷ் சார் ரூம் கதவக் கழட்டிட்டாங்க. ஆனா கதவத் தட்டாம உள்ள போக நம்மாளுகளுக்குக் கூச்சமுங்க. வெளியவே நின்னாங்க. அதனால கழட்டுன கதவ கேன்டீன் செவுத்துல சாத்தி வெச்சு, மொதல்ல அங்க போய்த் தட்டிப்போட்டு, அப்பறம் மாடிக்குப் போலாம்னு ஏற்பாடு பண்ணுனோம். நல்லாத்தான் போச்சு.

ரெண்டாவது, நன்றி நிமிஷம். சூப்பர்வைசர் மைக்கப் புடிச்சு, "எல்லாரும் கண்ண மூடுங்க, நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுங்க"ம்பாரு. அவரு "ஆச்சுங்க"ன்னு சொன்னாத்தான் தொறக்கோணும். நடுவுல தொறந்தா நன்றி கெட்டவன்னு அர்த்தம். கிரேன்ல பாதி தூக்குன மோட்டாரு கூட அப்படியே தொங்கிக்கிட்டு நன்றி சொல்லும்.

மூணாவது, நேர்ல அக்கறை காட்டறது. அதுதான் நம்ம வெள்ளியங்கிரி அண்ணனக் கொன்னுது. வைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசருங்க அவரு. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கறப்பக்கூட சிரிச்சு நான் பாத்ததில்ல. அவர, ஆளாளுக்குத் தோள்ல கை வெச்சு, சிரிச்ச மொகமா, "உங்களக் கவனிச்சுக்கறனுங்க"ன்னு தெனமும் சொல்லச் சொல்லிட்டாங்க. அவரும் சொன்னாரு. சிரிக்கவும் செஞ்சாரு, அதுதான் பெரிய தப்பாப் போச்சு. அங்க கம்பி சுத்தற ரசாக் பாய் கைல இருந்த காப்பர் கம்பி நழுவிக் கீழ உருண்டுது.

"ஏனுங்க, நான் என்ன பண்ணுனனுங்க?"ன்னாரு பாய்.

"ஒண்ணும் பண்ணலைங்க பாய். அக்கறையாமா."

"யாரு மேலைங்க?"

"உங்க மேலதானாமா. சிரிச்சது நல்லா இருந்துதுங்களா?"

"இல்லீங்க."

"எனக்கும் ஒரு மாதிரி வலிக்குதுங்க."

இந்த ரசாக் பாயோட சமாச்சாரத்தத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பாய்க்கு ஒரே மக, நஃபீசா, போத்தனூர்ல ஸ்கூல் படிக்குது. கேரம்ல புலி. சனிக்கிழமை மூணு மணிக்கு அவங்க ஸ்கூல்லயே ஃபைனல். போன தடவ செமி ஃபைனலுக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு பாய் ஓவர்டைம்ல மாட்டிக்கிட்டாரு. அந்தப் புள்ள வாசலையே பாத்துப் பாத்து ஆடுச்சாமா. அப்பாவ அவங்க ஊட்டுல 'அத்தா'ம்பாங்க. அதுக்கப்பறம் நாலு நாளு 'அத்தா'ன்னு கூப்பிடவே இல்லையாமா, வெளியாளக் கூப்பிடற மாதிரி "ஏனுங்க"ன்னு கூப்பிட்டுதாமா. பெத்த மக அப்படிக் கூப்பிட்டா எப்படிங்க இருக்கும். இந்தத் தடவ எப்படியும் போயே ஆகோணும். கம்பெனில இருந்து ஸ்கூலுக்கு வண்டில போனா சித்தே நேரந்தான், கால் மணி கூட ஆகாதுங்க.

முன்னெல்லாம் இதுக்கு ஒரு மொறை இருந்துச்சுங்க. பாய் போய், "ஏனுங்க, சித்தே போய்ட்டு வாரனுங்க"ம்பாரு. வெள்ளியங்கிரி அண்ணன் கிரேனப் பாத்துத் திரும்பி நின்னுக்குவாரு, பாய் போய்ட்டு வந்துருவாரு. அவ்வளவுதான். கிரேன்ல ஒண்ணுமே இருக்காது.

இப்ப அது முடியாதுங்களே. லீவு கேக்கறதுக்குப் பேரே 'மனம் திறக்கும் தருணம்'னு மாத்தியாச்சு. நாலாவது பழக்கம், ஆழ்ந்து கேட்டல். சரின்னும் சொல்லக்கூடாது, முடியாதுன்னும் சொல்லக்கூடாது, ரெண்டுமே அதிகாரத் தொனியாமா. பின்னால கோச்சு நின்னுக்கிட்டு கட்டை விரலத் தூக்கிக் காட்டறாரு. வெள்ளியங்கிரி அண்ணன் தாடைல கை வெச்சு உக்காந்தாரு.

"ஏனுங்க, சனிக்கிழமை பாப்பாவுக்கு ஃபைனலுங்க. மூணு மணி மேட்சுக்குப் போலாம்ங்களா?"

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குதுங்க."

"கேக்குதுங்களல்ல? அப்பப் போய்க்கறனுங்க."

"நீங்க போய்க்கறேன்னு சொல்றதும் எனக்குக் கேக்குதுங்க."

பாய் கொஞ்சம் சத்தமா, "போலாம்ங்களா, வேண்டாம்ங்களா?"ன்னாரு.

"போலாமா வேண்டாமான்னு உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கறது எனக்கு நல்லாவே கேக்குதுங்க."

பாய் என்னையத் திரும்பிப் பாத்தாரு. "அம்மணி, அண்ணனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் கோளாறுங்களா?"

வெள்ளியங்கிரி அண்ணன் ஒதடு அசையாம, "பாய், நேரா மாடிக்குப் போயிருங்க. எனக்கு இது முடிய இன்னும் பத்து நிமிஷம் தலையாட்டோணுங்க"ன்னாரு.

பாய் கேன்டீனுக்குப் போனாரு. கதவத் தட்டுனாரு. மாடிக்குப் போனாரு. நானும் கூடப் போனேன், எச்.ஆர்.ல ஒருத்தர் சாட்சியா இருக்கோணும்னு விதி. அஞ்சாவது பழக்கம் தன் காயத்தத் தொறந்து காட்டறதுங்க. தலைவன்கறவரு மொதல்ல தன்னோட வலியச் சொல்லோணுமாமா, அப்பத்தான் எதுக்க இருக்கறவருக்குத் தைரியம் வருமாமா. பாய் "பாப்பாவுக்கு மேட்சு"ங்கற வரைக்குந்தான் சொன்னாரு. அபிலாஷ் சார் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"எங்க அப்பா ஒரு ஸ்போர்ட்ஸ் டேக்குக்கூட வந்ததில்ல பாய். ஒண்ணுக்குக்கூட. சாக்கு ரேஸ்ல நான் செகண்டு. திரும்பிப் பாத்தா டிரைவர் கை தட்டிட்டு நிக்கறாரு."

"அழுவாதீங்க சார்."

"டிரைவருக்கு நான் ஓடறது எந்தச் சாக்குன்னே தெரியல பாய். வேற பையனுக்குத் தட்டிட்டு இருந்தாரு."

பாய் எந்திரிச்சுப் போய் முதுகத் தடவிக் குடுத்தாரு. தண்ணி எடுத்துக் குடுத்தாரு. ஒரு டீயும் வாங்கியாந்து குடுத்தாரு. டீய ஆத்திக் குடுத்துக்கிட்டே, "அப்ப நான் சனிக்கிழமை மூணு மணிக்கு..."ன்னாரு.

அபிலாஷ் சார் தல நிமிந்துச்சு. மொகம் அப்படியே ட்யூப்லைட்டாட்டம் எரிஞ்சுது. "சனிக்கிழமை மூணு மணி. ஆமா பாய். அதேதான். சனிக்கிழமை மூணு மணி."

பாய் சந்தோசமாக் கீழ எறங்குனாரு. அனுமதி கெடைச்சுதுன்னு நானும் நெனைச்சுட்டேன். சாயங்காலம் நோட்டீஸ் போர்டுல பாத்தா, 'சனிக்கிழமை மூன்று மணிக்குக் குடும்ப நேரத் திருவிழா. அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். இட நெருக்கடி காரணமாகக் குடும்பத்தினரை அழைத்து வர வேண்டாம்.'

அதுமட்டுமில்லீங்க. 'குடும்பச் செம்மல்' விருது. பெறுபவர் திரு. ரசாக்.

பாய் வேற யாருக்காவது குடுங்கன்னு சொல்லிப் பாத்தாரு. அது தாழ்மைன்னு கோச்சு மெய்மறந்துட்டாரு. அப்பறம் வேற நாளைக்கு வெச்சுக்கலாம்ங்களான்னாரு. அதுக்கும் ஆழ்ந்து கேட்டாங்க.

இதுக்கு நடுவுல ஆறாவது பழக்கம் வேற ஆரம்பிச்சுப்போட்டாங்க, பாராட்டு. யாரு எது பண்ணுனாலும் சுத்தி இருக்கறவங்க நின்னு கை தட்டோணும். பாத்ரூம் போய்ட்டு வந்தவருக்குத் தட்டுனாங்க, அவரு அன்னைல இருந்து தண்ணி குடிக்கறதக் கொறச்சுக்கிட்டாரு. கேன்டீன்ல சாம்பார் ஊத்தறவருக்குத் தட்டுனாங்க, அவரு வெக்கத்துல கரண்டிய ரசத்துக்குள்ள உட்டுட்டாரு. வைண்டிங்ல கம்பி சுத்தறவங்க எத்தன சுத்துன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே சுத்தோணுங்க. பாதில கை தட்டுனா எண்ணிக்கை விட்டுப்போயிரும். போச்சு. பொள்ளாச்சில இருந்து ஒரு விவசாயி போன் பண்ணுனாரு, நான்தான் எடுத்தேன்.

"ஏனுங்க, உங்க மோட்டாரு நல்லாச் சத்தம் போடுதுங்க, தண்ணிதான் வரலீங்க."

எனக்குக் குடுத்திருந்த வாசகத்த அப்படியே சொன்னேன். "உங்க வருத்தம் எங்களுக்குக் கேக்குதுங்க."

"எனக்கு வருத்தமெல்லாம் இல்லீங்க அம்மணி. தண்ணிதானுங்க இல்ல."

சரி, சனிக்கிழமைக்கு வாரேன். லோடிங் பக்கம் பந்தல் போட்டு, 'குடும்பமே முதன்மை'ன்னு பெரிய பேனரு. ஒருத்தரும் குடும்ப நேரத்த விட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிரக்கூடாதுன்னு கேட்டச் சாத்திப் பூட்டு போட்டாங்க. சாவி வெள்ளியங்கிரி அண்ணன்கிட்ட. மேடைல பாய்க்கு ஒரு ஆச்சரியம் வேற வெச்சிருந்தாங்க. மக பக்கத்துல இல்லைங்கற கொறை தெரியக்கூடாதுன்னு அந்தப் புள்ளையோட ஆளுயரக் கட்டவுட்டு. பாயோட வாட்ஸப்ல முகப்புப் படமா இருந்தத எடுத்துக் குடுத்திருக்காங்க. அந்தப் படத்த வெச்சதே நஃபீசாதான், அதுல இருக்கறது அவங்க ஊட்டுப் பூனை. பிரிண்டு போடறவரு கேள்வி கேக்காத மனுசன். ஆறடிக்குப் பூனை நிக்குது மேடைல, கழுத்துல மாலையோட.

அபிலாஷ் சார் ஏழாவது பழக்கத்தத் தொடங்கி வெச்சாரு, மனசில இருந்து பேசறது. தாள் இல்லாம பேசுனாரு.

"ரசாக் பாய் எங்கிட்ட வந்து, என் மக விளையாடறதப் பாக்கப் போகணும்னாரு. அந்தத் தவிப்ப நான் கண்ணாலப் பாத்தேன். குடும்பத்து மேல இவ்வளவு பாசம் வெச்சிருக்கற ஒரு மனுசன, இப்படிப்பட்ட ஒரு நாள்ல, நம்ம எப்படி வெளிய விட முடியும்?"

எல்லாரும் கை தட்டுனாங்க. தட்டாம இருக்கக்கூடாதுங்களே.

அடுத்து கோச்சு மைக்க வாங்குனாரு. "நண்பர்களே, என் பேர்ல பாதி கோபம் இருக்கு, மனசுல கொஞ்சமும் இல்ல. ஒருத்தர் லீவு கேக்கறப்ப அவரு லீவு கேக்கல, அன்பைக் கேக்கறாரு. லீவ எந்தக் கம்பெனி வேணும்னாலும் குடுத்துரும். அதுக்கு ஒரு கையெழுத்துப் போதும். அன்பைக் குடுக்கறதுக்குத்தான் மூணு மணி நேரம் ஆகும். அதுக்கு நான் தயாரா வந்திருக்கேன்."

மூணு மணி நேரம்னு கேட்டதும் பாய் பூனையப் பாத்தாரு. பூனை பாயப் பாத்துச்சு. அந்நேரத்துல பாய் போன்ல மெசேஜு. நான் பக்கத்துலதான் சால்வைத் தட்டப் புடிச்சிட்டு நின்னேன், பாத்துட்டேன். 'அத்தா, அடுத்து எங்க ஆட்டம். எங்கிருக்கீங்க?' சிரிப்பெல்லாம் எனக்கு அங்கயே நின்னுபோச்சு. இந்தப் புள்ள மறுபடி வாசலப் பாத்துக்கிட்டு ஆடப் போகுதேன்னு ஆகிப்போச்சு.

பாய்கிட்ட மைக்கக் குடுத்தாங்க.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நீங்கெல்லாம் என்னைய நெம்பக் கவனிச்சுட்டீங்க. இவ்வளவு கவனிப்பு நான் தாங்க மாட்டனுங்க. சித்தே நேரம் மட்டும் கவனிக்காம இருந்தீங்கன்னா..."

"தாழ்மை, தாழ்மை"ன்னு கோச்சு கண்ணத் தொடைச்சாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க, மீதி என்ன சொன்னாருன்னு யாருக்கும் கேக்கல. "இந்த உணர்வு ஆறிப்போகறதுக்குள்ள ஒரு நன்றி நிமிஷம். வெள்ளியங்கிரி, நீங்க நடத்துங்க"ன்னு கோச்சு மைக்க அவர்கிட்டக் குடுத்தாரு.

வெள்ளியங்கிரி அண்ணன் மைக்க வாங்குனாரு. பாயப் பாத்தாரு. பூட்டுன கேட்டப் பாத்தாரு. அப்பறம் சாவிய எடுத்து, பூனையோட கழுத்து மாலைல தொங்க விட்டாரு.

"எல்லாரும் கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுங்க."

மூடுனோம். நான் மட்டும் கொஞ்சூண்டு தொறந்திருந்தேன், எச்.ஆர்.ங்களே.

"சூரியனுக்கு நன்றிங்க. மழைக்கு நன்றிங்க. சிறுவாணித் தண்ணிக்கு நன்றிங்க"ன்னு ஆரம்பிச்சாரு. பாய் மாலைல இருந்த சாவிய எடுத்துக்கிட்டு மேடைல இருந்து எறங்குனாரு. "காப்பருக்கு நன்றிங்க. வார்னிஷுக்கு நன்றிங்க. பேரிங்குக்கு நன்றிங்க." கேட்டு கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு, அண்ணன் கொரல உசத்தி, "கேட்டுக்கும் நன்றிங்க"ன்னாரு. பாய் வண்டி ஸ்டார்ட் ஆகல. ஒதைக்கறாரு, ஒதைக்கறாரு. அண்ணனுக்கு நன்றி தீந்துபோச்சு. கேன்டீன்ல இருந்து ஆரம்பிச்சாரு, இட்லிக்கு நன்றிங்க, சட்னிக்கு நன்றிங்க, தேங்காச் சட்னிக்குத் தனியா நன்றிங்க. முன்னால உக்காந்திருந்த ஒருத்தர் கண்ண மூடுனபடியே, "கொத்தமல்லிச் சட்னிங்க"ன்னு எடுத்துக் குடுத்தாரு. வண்டி கெளம்புச்சு. சத்தம் போத்தனூர் ரோட்டுப் பக்கம் தேஞ்சு தேஞ்சு போற வரைக்கும் அண்ணன் ரயில்வே ஜங்ஷனுக்கும் ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் நன்றி சொன்னாரு.

"ஆச்சுங்க."

கண்ணத் தொறந்தா மேடைல பூனை மட்டும் நிக்குது.

"ரசாக் பாய் எங்க?"ன்னாரு கோச்சு.

வெள்ளியங்கிரி அண்ணன் மெதுவாத் திரும்பி கிரேனப் பாத்தாரு. "நான் கவனிக்கலைங்க."

கோச்சு கூட்டத்தப் பாத்தாரு. மொத வரிசை, "நாங்களும் கவனிக்கலைங்க"ன்னுது. ரெண்டாவது வரிசையும் கவனிக்கல. காஸ்டிங் செக்‌ஷன் மொத்தமாவே கவனிக்கல. எச்.ஆர். என்ன சொல்லுதுன்னு என்னையப் பாத்தாரு. நீங்க சொன்ன மாதிரி கண்ண மூடிட்டு இருந்தனுங்கன்னுட்டேன். விருத பூனைக்குக் குடுத்து முடிச்சாங்க.

நஃபீசா தோத்துருச்சுங்க. செவப்பு போட்டுட்டு அதுக்கு ஃபாலோ போடப் போறப்ப வாசல்ல அத்தாவப் பாத்துருச்சு. ஸ்ட்ரைக்கர் நேராப் போய்க் குழில விழுந்துருச்சு. திங்கக்கிழமை பாய் இதைக் கேட்டவங்க கேக்காதவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கறாரு. "என்னையப் பாத்துதான் அம்மணி தோத்துது. அத்தா, ஏன் வந்தீங்கன்னு ஒரே சண்டை." சண்டைலயும் 'அத்தா'ன்னுதான் கூப்பிட்டுதாமா.

வெள்ளியங்கிரி அண்ணனுக்கு மெமோ. கவனிக்கத் தவறியதற்காக. வாக்குமூலம் வாங்கச் சொல்லி என்னைய அனுப்புனாங்க. போனா, எனக்கு முன்னால அங்க அபிலாஷ் சார் நிக்கறாரு. கோச்சு சுத்தி இருக்காரான்னு பாத்துக்கிட்டு, கொரலத் தணிச்சு, "அண்ணா, நாளைக்கு என் பையனுக்கு ஸ்கூல் டே. எல்.கே.ஜி. மாம்பழமா வேசம் போட்டு வாரான். அந்நேரத்துக்கு எனக்கு கோச் 'முழு இருப்பு'ன்னு ஒரு வகுப்பு வெச்சிருக்காரு. கேட்டா ஆழ்ந்து கேக்கறாரு"ன்னாரு.

அண்ணன் கிரேனப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு.

அபிலாஷ் சாருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் அவரு மொகத்தப் பாக்கோணுமே நீங்க. மெமோவ என் கைல இருந்து வாங்கி, மடிச்சு, பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுப் போய்ட்டாரு. மறுநாளு மாம்பழத்தோட போட்டோவ எங்களுக்குக் காட்டுனாரு. போஸ்டர்ல மொறைக்கறாரே, அந்த ஆளான்னே சந்தேகம் வந்துருச்சு.

இப்ப என்ன பிரச்சனைன்னா, அந்த எட்டாவது கட்டம் இன்னும் காலியா இருக்குதுங்க. பூத்துச்சா பூத்துச்சான்னு கோச்சு தெனமும் கேக்கறாரு. பூத்துதானுங்க இருக்கு, சித்தே கவனிக்காம இருக்கறதுன்னு அங்க எழுதலாம்னு கை துறுதுறுங்குது. ஆனா எழுதுனன்னு வெச்சுக்கங்க, அடுத்த வாரமே கவனிக்காம இருப்பது எப்படின்னு மூணு நாள் பயிற்சி போட்டு, யாரு எவ்வளவு கவனிக்காம இருந்தாங்கன்னு மார்க்குப் போட்டு, கிரேனப் பாக்கறதுக்கு ஒரு கமிட்டி வெச்சுருவாங்களோன்னு பயமா இருக்கு. எழுதாம விட்டா, அண்ணன் ரிட்டையர் ஆகற அன்னைக்கு இது அவரோடயே போயிரும். மார்க்கர் கைலயே இருக்குதுங்க, மூடி கூடக் கழட்டிட்டேன். எழுதட்டுங்களா, இல்ல நானும் கிரேனப் பாத்துத் திரும்பி நின்னுக்கட்டுங்களா, நீங்க என்னங்க நெனைக்கறீங்க?